கோளாறு சரக்கிலா, மெஷினிலா? கரும்பொருள் பற்றி ஒரு பதில்

கிள்ளானிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆறாம் படிவம் படிக்கும் என் மகள் சாப்பாட்டு மேசையில் ஒரு கேள்வி கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அண்டம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் இருக்கிறது என்கிறார்கள். அது என்ன என்றால், இன்னும் கண்டுபிடிக்காத ஏதோ ஒரு துகள் என்கிறார்கள். தெரியாத ஒன்றுக்குத் தெரியாத இன்னொன்றைக் காரணம் காட்டுவது அறிவியலா, சமாளிப்பா?"

கரும்பொருள் என்றால் என்ன என்று விளக்கிவிட்டால் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதாகிவிடாது. உங்கள் மகள் கேட்டிருப்பது கூர்மையானது. இரண்டு மர்மங்களை ஒரே கயிற்றில் கட்டுகிறீர்களே, அந்த முடிச்சு எவ்வளவு இறுக்கம் என்கிறாள். அதனால் முடிச்சைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பினாங்கில் இயற்பியல் படித்தேன். முதுகலையில் துகள் இயற்பியல், அதுவும் தாளில் கணக்குப் போடும் பக்கம். அப்புறம் வயிற்றுப்பாட்டுக்காகப் பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் டெஸ்ட் இன்ஜினியராகச் சேர்ந்து இருபத்துச் சொச்சம் வருடம் ஓடிவிட்டது. புதிய ஆய்வுகளை விடாமல் வாசிக்கிறேன், ஆனால் நான் ஆய்வாளன் இல்லை. மெல்லிய சிக்னலையும் இரைச்சலையும் பிரிப்பது பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் நம்பலாம். கோட்பாட்டு நுணுக்கத்தில் என் கணக்கு துருப்பிடித்தது.

பெயரிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. சிலர் 'கருப்பொருள்' என்று எழுதுகிறார்கள். அது தெய்வம், உணவு, மரம், பறவை, பறை என்று தமிழ்ப் பாடத்தில் நாம் மனப்பாடம் செய்த கருப்பொருள். ஒற்று மாறினால் விஷயமே வேறு. கரும்பொருள் என்பதும் பொருத்தமான பெயர் இல்லை. கரி கருப்பாக இருப்பது ஒளியை விழுங்குவதால். இந்தப் பொருளோ ஒளியை விழுங்குவதும் இல்லை, சிதறடிப்பதும் இல்லை, வெளியிடுவதும் இல்லை. அதன் வழியே ஒளி தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். கண்ணாடி கூட கொஞ்சம் மினுக்கும், இது அதுவும் செய்யாது. அதற்கு எடை உண்டு. அதை வைத்துத்தான் அகப்பட்டது.

அகப்பட்ட கதையில் உறுதியான பகுதி எது என்று பார்ப்போம். சூரியனைச் சுற்றும் கோள்களில் புதன் வினாடிக்கு 47 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது, பூமி 30, நெப்டியூன் ஐந்தரைகூட இல்லை. நடுவில் இருக்கும் பாரத்தை விட்டுத் தள்ளிப் போகப் போக வேகம் குறையும். விண்மீன் மண்டலங்களிலும் இதே மாதிரி விளிம்புக்குப் போனால் வேகம் சரிய வேண்டும். 1970-ல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் நம் பக்கத்து மண்டலமான ஆண்ட்ரோமீடாவை அளந்தார்கள். சரியவில்லை. வினாடிக்கு இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் என்று விளிம்பு வரை கிட்டத்தட்ட ஒரே வேகம். அதற்குப் பிறகு அளந்த மற்ற மண்டலங்களிலும் அதே கதை. ஒளியாகத் தெரியும் பொருளை மட்டும் கூட்டினால் அந்த வெளி நட்சத்திரங்களைப் பிடித்து வைக்க ஈர்ப்பு போதாது. உண்மையில் இதை முதலில் மோப்பம் பிடித்தவர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி. 1933-லேயே கோமா என்ற மண்டலக் கொத்தைப் பார்த்து, தெரிகிற எடை போதவில்லை என்றார். அவர் போட்ட எண் மிகை, ஆனால் சொன்ன திசை சரி.

சுழற்சி ஒன்றை மட்டும் காட்டினால் நானே நம்ப மாட்டேன். ஒரே ஒரு அளவுகோல் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் அந்த அளவுகோலைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும், அது எங்கள் தொழில் பாலபாடம். என்னைப் பணிய வைத்தது வேறு. அண்டம் பிறந்து சுமார் 3,80,000 ஆண்டுகள் கழித்துக் கிளம்பிய ஒளி இன்றும் நுண்ணலையாக நம்மைச் சுற்றி இருக்கிறது. அதில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஏற்ற இறக்கங்கள். அந்தக் காலத்தில் சாதாரணப் பொருளும் ஒளியும் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடந்தன. பொருள் ஈர்ப்பால் உள்ளே விழும், ஒளியின் அழுத்தம் வெளியே தள்ளும், இப்படி ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது. ஒளியோடு ஒட்டாத பொருள் ஒன்று இருந்தால் அது ஊஞ்சல் ஆடாது, பேசாமல் உள்ளே விழுந்துகொண்டே இருக்கும். இரண்டும் எந்த விகிதத்தில் இருந்தன என்பது அந்த ஏற்ற இறக்கங்களின் உயரத்தில் பதிவாகியிருக்கிறது. பிளாங்க் செயற்கைக்கோள் அளந்ததில் அண்டத்தின் மொத்த இருப்பில் சாதாரணப் பொருள் சுமார் 5 சதவீதம், கரும்பொருள் சுமார் 27. மீதி இருண்ட ஆற்றல், அது இன்னொரு பஞ்சாயத்து, அதைத் தொடவில்லை.

இந்த 5 சதவீதம் இன்னொரு வழியாகவும் வருகிறது. அண்டத்தின் முதல் சில நிமிடங்களில் எவ்வளவு டியூட்டீரியம் (கனத்த ஹைட்ரஜன்) மிஞ்சும் என்பது அப்போது எத்தனை புரோட்டான், நியூட்ரான் இருந்தன என்பதைப் பொறுத்தது. பழமையான வாயு மேகங்களில் டியூட்டீரியத்தை அளந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் அதே அளவு கிடைக்கிறது. ஒன்று நிமிடக் கணக்கில் நடந்தது, மற்றது லட்சக்கணக்கான ஆண்டுகள் கழித்து. இரண்டும் ஒத்துப் போகின்றன. இதன் அர்த்தம், காணாமல் போன எடை நமக்குத் தெரியாமல் எங்கோ மறைந்திருக்கும் சாதாரண அணுக்களாக இருக்க முடியாது. மங்கிப்போன நட்சத்திரங்கள், வியாழன் மாதிரிக் கோள்கள் என்று ஒரு காலத்தில் யோசித்தார்கள். அவை முன்னால் கடந்து போகும்போது பின்னால் உள்ள நட்சத்திரம் சற்றுப் பிரகாசமாகும் என்று வருடக்கணக்கில் காத்திருந்து எண்ணியும் பார்த்தார்கள். போதவில்லை.

இந்த இடத்தில் என் வேலையிலிருந்து ஒரு சம்பவம். பல வருடங்களுக்கு முன் ஒரு லாட், அதாவது ஒரே தொகுதியில் வந்த சிப்புகள், முழுக்க ஒரே அளவீட்டில் ஃபெயில் ஆனது. வெளியே பார்த்தால் யூனிட்டில் ஒரு குறையும் இல்லை. நான்தான் பெரிய மேதாவி மாதிரி, உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது என்றேன். எட்டு யூனிட்டை அறுத்து, தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம். விரிசலைக் காணோம். மூன்றாவது ராத்திரி ஷிப்டில் ஒரு டெக்னீஷியன் டெஸ்டரின் எர்த் கம்பி தளர்ந்திருந்ததைக் கண்டுபிடித்தார். கோளாறு மெஷினில். பாடம் படித்துவிட்டேன் என்று நினைத்தேன். இரண்டு வருடம் கழித்து அதே மாதிரி அறிகுறி. இந்த முறை உஷாராக, 'டெஸ்டரைப் பாருங்கள்' என்றேன். ஒரு வாரம் மெஷினைக் கழற்றி மாட்டினோம். கடைசியில் விரிசல், யூனிட்டுக்குள். இரண்டு தடவையும் என் ஊகம் தப்பு. இரண்டு தடவையும் எனக்கு நூறு சதவீத நம்பிக்கை.

வானியலிலும் இது அப்படியே நடந்திருக்கிறது. யுரேனஸ் கணக்குப்படி ஓடவில்லை. தெரியாத கோள் ஒன்று இழுக்கிறது என்று பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே கணக்குப் போட்டு இடத்தைச் சொன்னார். 1846 செப்டம்பரில் பெர்லினில் தொலைநோக்கியைத் திருப்பினார்கள், சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன். அதாவது கரும்பொருளின் முதல் வெற்றி என்றே சொல்லலாம். அதே மனிதர் 1859-ல் புதனின் பாதை நூற்றாண்டுக்கு ஒரு பாகையில் நூறில் ஒரு பங்குக்கு மேல் தப்பிப் போவதைப் பார்த்து, சூரியனுக்குப் பக்கத்தில் இன்னொரு கோள் இருக்கிறது என்றார். வல்கன் என்று பெயர் கூட வைத்தாயிற்று. பார்த்தேன் என்று சத்தியம் செய்தவர்களும் உண்டு. அப்படி ஒன்று இல்லவே இல்லை. 1915-ல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பு விதியையே மாற்றி எழுதியபோது புதனின் கணக்கு நேராயிற்று. முதலாவதில் கோளாறு சரக்கில், இரண்டாவதில் மெஷினில்.

ஆகவே உங்கள் மகளின் சந்தேகத்துக்கு நல்ல பரம்பரை இருக்கிறது. கரும்பொருள் நெப்டியூனா, வல்கனா? ஈர்ப்பு விதிதான் தப்பு என்ற கட்சி 1983-லிருந்து இருக்கிறது. மில்க்ரோம் என்ற இஸ்ரேலியர் தொடங்கி வைத்தது. மிகமிக மெல்லிய ஈர்ப்பில் நியூட்டனின் விதியைச் சற்றே மாற்றினால், தனித்தனி மண்டலங்களின் சுழற்சி வேகம் ஆச்சரியமான அளவுக்குச் சரியாக வந்துவிடுகிறது. அவர்களைக் கிண்டல் செய்பவர்களை எனக்குப் பிடிக்காது. ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு அத்தனை மண்டலங்களை விளக்குவது சாமானிய வேலை இல்லை. ஆனால் மண்டலக் கொத்துகளுக்குப் போனால் அவர்களுக்கும் எடை போதவில்லை, அங்கேயும் தெரியாத பொருளைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. நுண்ணலைப் பின்னணியிலும் திணறுகிறார்கள். அப்புறம் 2006-ல் வெளியான புல்லட் கொத்துப் படம். இரண்டு மண்டலக் கொத்துகள் மோதி ஒன்றை ஒன்று ஊடுருவிப் போயிருக்கின்றன. சாதாரணப் பொருளில் பெரும்பங்கு வெப்ப வாயு. அது மோதி நடுவிலேயே தேங்கிவிட்டது, எக்ஸ் கதிரில் தெரிகிறது. ஆனால் பின்னணி ஒளி வளைவதை வைத்து எடை எங்கே என்று பார்த்தால், அது வாயுவை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் தாண்டிப் போயிருக்கிறது. விதியை மாற்றினால் ஈர்ப்பின் அளவு மாறலாம். பொருள் ஓரிடத்திலும் அதன் ஈர்ப்பு வேறிடத்திலும் இருப்பதை அப்படி விளக்குவது ரொம்பக் கஷ்டம். என் தீர்ப்பு: பெரும்பாலும் சரக்கு. வல்கன் கதை மறக்கக் கூடாதது என்பதால் 'பெரும்பாலும்' என்கிறேன்.

சரி, சாதாரண அணு இல்லாத ஏதோ ஒரு பொருள் இருக்கிறது. அது துகள்தான் என்று எப்படிச் சொல்வது? முடிச்சின் தளர்ந்த பகுதி இங்கேதான் தொடங்குகிறது. இதற்கு முன்னுதாரணம் ஒன்று நம் கையிலேயே உண்டு. நியூட்ரினோ. 1930-ல் பீட்டா சிதைவில், அதாவது அணுக்கரு எலக்ட்ரானை உமிழும் சிதைவில், ஆற்றல் கணக்கு உதைத்தபோது, கண்ணில் படாத துகள் ஒன்று எடுத்துக்கொண்டு ஓடுகிறது என்றார் இயற்பியலாளர் பௌலி. உங்கள் மகள் அன்றைக்கு இருந்திருந்தால் இதே கேள்வியைக் கேட்டிருப்பாள். 26 வருடம் கழித்து, 1956-ல், ரைன்ஸும் கோவனும் அணு உலை அருகே அதைப் பிடித்தார்கள். மின்னூட்டம் இல்லை, ஒளியோடு ஒட்டாது, எடை உண்டு, அண்டம் முழுக்க நிரம்பிக் கிடக்கிறது. யோசித்துப் பார்த்தால் கரும்பொருளில் ஒரு சிறு பங்கு ஏற்கெனவே கண்டுபிடித்தாகிவிட்டது. அதுவே மொத்தமும் ஏன் இல்லை என்றால், எடை மிகக் குறைவு. எலக்ட்ரானின் எடையில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு கூட இல்லை. அவ்வளவு இலேசானது ஆதியில் கிட்டத்தட்ட ஒளி வேகத்தில் பறந்திருக்கும், சிறு மண்டலங்கள் கட்டிக்கொள்ள விடாமல் எல்லாவற்றையும் கலைத்திருக்கும். நமக்குத் தேவை மந்தமாக ஒரு இடத்தில் கூடக்கூடிய ஒன்று. இன்று அறிந்த அடிப்படைத் துகள்கள் பதினேழில் அந்தக் குணத்தோடு ஒன்றும் இல்லை. அதனால்தான் 'கண்டுபிடிக்காத துகள்'.

சமாளிப்பு என்ற குற்றச்சாட்டுக்கு என் நேரான பதில் இது: முன்னணியில் உள்ள வேட்பாளர்கள் கரும்பொருளுக்காகச் செய்யப்பட்டவர்கள் இல்லை. வேறு வீட்டுப் பிரச்சினைக்குப் பிறந்தவர்கள். ஆக்சியானை எடுத்துக்கொள்ளுங்கள். நியூட்ரானுக்கு மொத்தத்தில் மின்னூட்டம் இல்லை, ஆனால் உள்ளே மின்னூட்டம் உள்ள குவார்க்குகள் இருக்கின்றன. ஒரு பக்கம் கொஞ்சம் நேர்மின், மறுபக்கம் கொஞ்சம் எதிர்மின் என்று அது சற்றுச் சாய்ந்திருக்கக் கோட்பாடு தாராளமாக அனுமதிக்கிறது. அளந்து பார்த்தால் சாய்வே இல்லை. எவ்வளவு துல்லியமாக என்றால், நியூட்ரானைப் பூமி அளவுக்கு ஊதினாலும் அந்தச் சாய்வு ஒரு தலைமுடியின் தடிமனைத் தாண்டாது. எழுதாத சட்டம் ஒன்று எங்கோ வேலை செய்கிறது. 1977-ல் பெச்சியும் க்வின்னும் அந்தச் சட்டத்தை எழுதினார்கள். மறுவருடம் வைன்பெர்கும் வில்செக்கும், அப்படியானால் புதிய இலேசான துகள் ஒன்று இருந்தே தீர வேண்டும் என்று காட்டினார்கள். அமெரிக்காவில் விற்ற ஒரு சலவைத்தூளின் பெயரை வில்செக் அதற்கு வைத்தார், கறையைப் போக்குகிறதாம். இதில் கரும்பொருள் எங்கேயும் வரவில்லை. சில வருடம் கழித்துத்தான், இப்படி ஒன்று இருந்தால் ஆதி அண்டத்தில் ஏராளமாக மிஞ்சியிருக்குமே, மந்தமாகவும் இருக்குமே என்று கணக்கில் தெரிந்தது.

இன்னொரு வேட்பாளர் விம்ப். பலமில்லாமல் உறவாடும் கனத்த துகள் என்று பொருள். இதன் பூர்வீகம் ஹிக்ஸ் துகள் ஏன் இவ்வளவு இலேசாக இருக்கிறது என்ற வேறொரு தலைவலி. அதற்குச் சொன்ன மருந்துகளில் பலவும் இப்படி ஒரு துகளைப் பக்கவிளைவாகக் கொடுத்தன. இது எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பதைப் பினாங்கு ஆள் என்ற முறையில் தைப்பூசத்தை வைத்துச் சொல்கிறேன். தண்ணீர்மலை அடிவாரத்தில் கூட்டம் நெரியும்போது கைவிட்டுப் போன ஜோடிகள் ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டாவது சந்தித்துவிடுவார்கள், சேர்ந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். கூட்டம் கலைந்து சாலை அகன்ற பின் சந்திக்காதவர்கள் சந்திக்காதவர்கள்தான். ஆதி அண்டத்தில் இந்தத் துகள்கள் ஜோடி ஜோடியாகச் சந்தித்து அழிந்தன. அண்டம் விரிந்ததும் சந்திப்பு நின்றது. எவ்வளவு எளிதில் சந்திக்கும் என்பதுதான் எவ்வளவு மிஞ்சும் என்பதை முடிவு செய்கிறது. நியூட்ரினோக்களை ஆளும் அந்த மெல்லிய விசையின் அளவைப் போட்டுப் பார்த்தால், வானியலாளர்கள் கேட்கும் அளவுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நான் மாணவனாக இருந்தபோது இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. இவ்வளவு அழகாகப் பொருந்துவது பொய்யாகாது என்று நினைத்தேன். அழகு சாட்சி இல்லை என்று இன்றைக்குத் தெரியும்.

தேடியதில் என்ன ஆயிற்று என்பதற்கு வருகிறேன். நம் பக்கத்தில் கரும்பொருளின் அடர்த்தி ஓரளவு தெரியும். விம்பின் எடை புரோட்டானைப் போல நூறு மடங்கு என்று வைத்துக்கொண்டால், மாமாக் கடையில் உங்கள் முன்னால் இருக்கும் தே தாரேக் கிளாஸுக்குள் எந்த நொடியிலும் சுமாராக ஒன்று இருக்கும். இருக்கும் என்ன, வினாடிக்கு இருநூறு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் கடந்து போய்க்கொண்டே இருக்கும். பூமியின் மொத்தப் பருமனுக்குள்ளும் கூட்டினால் அரைக் கிலோ தேறும், அவ்வளவுதான். அதனால்தான் கோள்களின் ஓட்டத்தில் அது தெரிவதில்லை. பால்வெளி அளவுக்குப் போனால்தான் வெறும் இடமே பெரிய பாரமாகிறது.

அமெரிக்காவில் தெற்கு டகோட்டாவில் ஒரு பழைய தங்கச் சுரங்கம். தரைக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர். அங்கே எல்செட் என்ற கருவி, 10 டன் திரவ செனான் (ஒரு மந்த வாயு), பூஜ்யத்துக்குக் கீழே சுமார் நூறு டிகிரி குளிரில். ஒரு விம்ப் வந்து ஒரு செனான் அணுக்கருவில் தப்பித்தவறி இடித்தால் மினுக்கென்று ஒரு ஒளி. கூடவே உதிரும் எலக்ட்ரான்களை மின்புலம் மேலே இழுத்துக்கொண்டு போய் இரண்டாவது ஒளியை உண்டாக்கும். மேலும் கீழும் 494 ஒளிக்குழாய்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. இரண்டு மினுக்குகளுக்கும் உள்ள இடைவெளியிலிருந்து ஆழம், விகிதத்திலிருந்து இடித்தது என்ன ஜாதி என்று தெரியும். இத்தாலியில் மலைக்கு அடியில் செனான் என்டி, சீனாவில் பாண்டாஎக்ஸ் என்று இன்னும் இரண்டு.

இந்த வேலையின் கஷ்டம் எனக்கு வேறு வழியாகத் தெரியும். 1970களின் கடைசியில் நினைவகச் சிப்புகளில் காரணமில்லாமல் பிட் மாறிக்கொண்டிருந்தது. தேடிப் பார்த்தால் சிப்பை மூடும் பேக்கேஜில் இருந்த தூசு அளவு யுரேனியமும் தோரியமும் ஆல்ஃபா துகளை விட்டெறிந்துகொண்டிருந்தன. அன்றிலிருந்து எங்கள் தொழிலில் 'லோ ஆல்ஃபா' சால்டர் என்று தனிச் சரக்கே உண்டு, விலையைப் பார்த்தால் மயக்கம் வரும். எங்களுக்கு எப்போதோ ஒரு பிட் மாறினால் தலைவலி. இவர்களுக்கு வருடக்கணக்கில் நாலைந்து நிகழ்வு வந்தாலே பண்டிகை. ஒரு வாழைப்பழத்தில் இருக்கும் பொட்டாசியமே வினாடிக்குப் பதினைந்து தடவை போல வெடிக்கிறது. நம்ம ஊர் பிசாங் கோரேங் ஒரு துண்டை உள்ளே போட்டால் தேடல் அன்றோடு முடிந்தது. அதே இத்தாலிய மலைக்கடியில் இன்னொரு சோதனைக்கு, மூழ்கிய ரோமானியக் கப்பலில் இருந்து எடுத்த ஈயத்தைக் கவசமாக வைத்திருக்கிறார்கள். புதிய ஈயத்தில் கதிரியக்கம் மிச்சமிருக்கும், இரண்டாயிரம் வருடம் கடலடியில் கிடந்ததில் அது தீர்ந்திருக்கும்.

இவ்வளவு பாடுபட்டும் விம்ப் வரவில்லை. வந்ததாகச் சொன்னவை உண்டு. இத்தாலியில் டாமா என்ற குழு 1990களிலிருந்தே, சோடியம் அயோடைடு படிகங்களில் ஜூனில் ஏறி டிசம்பரில் இறங்கும் ஒரு சிக்னலைக் காட்டி வந்திருக்கிறது. சூரியனோடு சேர்ந்து பூமி ஓடும் வேகம் அப்படித்தான் கூடிக் குறையும் என்பதால் எதிர்பார்ப்போடு பொருந்துகிறது. ஆனால் அதே வகைப் படிகத்தை வைத்துக் கொரியாவிலும் ஸ்பெயினிலும் செய்தவர்களுக்கு அது தெரியவில்லை. ஒரே யூனிட் ஒரு டெஸ்டரில் ஃபெயில், இரண்டு டெஸ்டரில் பாஸ். நான் எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை. 2020-ல் செனான் என்டி கருவியின் முந்தைய வடிவத்தில் சில நிகழ்வுகள் கூடுதலாக வந்தன, சூரியனிலிருந்து ஆக்சியான் என்று செய்தித்தாள் வரை போயிற்று. 2022-ல் பெரிய கருவி பார்த்தபோது காணோம். ஜெனீவாவில் புரோட்டான்களை மோதவிடும் பெரிய மோதுவிப்பானில் 2015 டிசம்பரில், புதிய துகளின் அறிகுறி போல, தரவில் ஒரு மேடு தெரிந்தது. விளக்கம் சொல்லி நூற்றுக்கணக்கான கட்டுரைகள் வந்தன. அடுத்த ஆகஸ்டில் மேடு கரைந்துவிட்டது. அந்தக் கட்டுரைகளில் ஒரு டஜனையாவது நானும் வாசித்துப் பூரித்தேன், வெட்கத்தோடு சொல்கிறேன்.

மோதுவிப்பானைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாளைக்கே அங்கே புதிய துகள் ஒன்று அகப்பட்டாலும், அதுதான் கரும்பொருள் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. தெரியாத துகள் அங்கே கருவியை விட்டு நழுவிப் போகும், மிச்சமுள்ளவற்றின் உந்தத்தைக் கூட்டினால் கணக்கு இடிக்கும், அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். கருவியின் நீளம் சில பத்து மீட்டர்தான். அதைத் தாண்டிப் போய் அடுத்த நொடியே அது சிதைந்தாலும் நமக்குத் தெரியாது. கரும்பொருள் 1,380 கோடி ஆண்டுகள் சிதையாமல் இருந்திருக்க வேண்டும். ஆக முடிச்சு இறுக வேண்டுமானால், அங்கே உண்டாக்கிய துகளும் சுரங்கத்தில் இடிக்கும் துகளும் ஒரே எடையில் இருக்க வேண்டும், அது மிஞ்சும் அளவும் வானியல் கேட்கும் அளவோடு ஒத்துப் போக வேண்டும். ஒன்று மட்டும் வந்து தலைப்புச் செய்தியானால் உங்கள் மகளை மறுபடியும் அதே கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள்.

ஆக்சியான் தேடல் எனக்கு இன்னும் நெருக்கம், ஏனென்றால் அது கிட்டத்தட்ட என் ஆர்எஃப் (ரேடியோ அலை) பெஞ்ச் வேலை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஏடிஎம்எக்ஸ் என்று ஒன்று. பலமான காந்தத்துக்குள் ஒரு உலோகக் குழி. ஆக்சியான் காந்தப்புலத்தில் நுண்ணலையாக மாறலாம். எந்த அலைவரிசையில் என்பது அதன் எடையைப் பொறுத்தது, எடை தெரியாது. ஆகவே பழைய ரேடியோவில் ஸ்டேஷன் தேடுவது போலக் குழியின் அளவைத் துளித்துளியாக மாற்றி, ஒவ்வொரு இடத்திலும் நின்று கேட்க வேண்டும். இதுவரை கேட்டது ஒரு கிகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில், நம் கைப்பேசிகள் கூச்சல் போடும் பகுதி. எதிர்பார்க்கும் சிக்னல் ஒரு வாட்டின் கோடி கோடி கோடியில் ஒரு பங்கை விடவும் குறைவு. டயலில் பெரும்பகுதி இன்னும் திருப்பப்படவே இல்லை. அதனால்தான் ஆக்சியான் கிடைக்கவில்லை என்பதற்கும் விம்ப் கிடைக்கவில்லை என்பதற்கும் ஒரே எடை கொடுக்கக் கூடாது. விம்பில் நல்ல இடங்களையெல்லாம் தேடி முடித்து ஓரங்களுக்கு வந்துவிட்டோம். ஆக்சியானில் இப்போதுதான் கதவு திறக்கிறது.

வேறு ஊகங்களும் உண்டு. நியூட்ரினோவின் கனத்த, இன்னும் ஒட்டாத உறவுக்காரன் ஒன்று. துகளே இல்லாமல், ஆதியில் உருவான குட்டிக் கருந்துளைகள் என்று இன்னொன்று, அதில் பெரும்பகுதி மூடிவிட்டாலும் சிறுகோள் எடைப் பக்கம் ஒரு ஜன்னல் திறந்தே இருக்கிறது. ஈர்ப்பைத் தவிர வேறு எதோடும் உறவே இல்லாத பொருளாகவும் அது இருந்து தொலைக்கலாம். அப்படியானால் எந்தச் சுரங்கத்திலும் அது வந்து இடிக்காது, எந்த டயலிலும் கேட்காது. இந்தச் சாத்தியத்தைத் தள்ள என்னிடம் ஒரு வாதமும் இல்லை. பந்தயம் கட்டச் சொன்னால்: அணு இல்லாத பொருள் உண்டு என்பதற்கு வீட்டைக் கட்டுவேன். அது துகள் என்பதற்குக் காரைக் கட்டுவேன். ஆக்சியான் என்பதற்கு ஒரு தே தாரேக். விம்ப் என்பதற்கு இருபது வருடம் முன்னால் கார் கட்டியிருப்பேன், இன்றைக்கு அதற்கும் தே தாரேக்தான், சீனி குறைவாக.

கடைசியாக, ஒன்றும் வராத இந்தக் கருவிகளை எப்படி நம்புவது என்று உங்கள் மகள் அடுத்துக் கேட்பாள். எங்கள் தளத்தில் கோல்டன் யூனிட் என்று ஒன்றைப் பூட்டி வைத்திருப்போம். நல்லது என்று நிச்சயமாகத் தெரிந்த சிப். டெஸ்டர் மேல் சந்தேகம் வந்தால் அதைப் போட்டுப் பார்ப்போம். சுரங்கக் கருவிகளிலும் தெரிந்த நியூட்ரான்களை உள்ளே விட்டுச் சரிபார்க்கிறார்கள். அதைவிட நல்ல கோல்டன் யூனிட் ஒன்றைச் சூரியனே அனுப்புகிறது. சூரியனில் போரான் சிதைந்து வரும் நியூட்ரினோக்கள் செனான் கருவை இடிக்கும்போது, இலேசான விம்ப் இடிப்பது போலவே தெரியும். 2024-ல் செனான் என்டியும் பாண்டாஎக்ஸும் தனித்தனியே அதன் முதல் அறிகுறிகளைப் பார்த்தன. அறுதியிட்டுச் சொல்லும் அளவுக்கு அப்போது எண்ணிக்கை இல்லை, ஆனால் எதிர்பார்த்த அளவில், எதிர்பார்த்த இடத்தில். அதாவது அவ்வளவு மெல்லிய இடியைக் கூட இந்த மெஷின் கேட்கிறது. இனி அந்த நியூட்ரினோக்களே இரைச்சலாகி விம்ப் தேடலை மூடுபனி மாதிரி மறைக்கத் தொடங்கும் என்பது அதே செய்தியின் மறுபக்கம்.

அவளுக்கு உண்மையிலேயே ஆர்வம் இருந்தால், ஜெனீவா மோதுவிப்பானின் சிஎம்எஸ் என்ற கருவிக்கான கூட்டாய்வில் கோலாலம்பூரிலிருந்து மலாயாப் பல்கலைக்கழகத்தின் துகள் இயற்பியல் மையமும் இருக்கிறது. கிள்ளானிலிருந்து கேடிஎம் ரயிலில் ஏறி ஒரு நாள் போய் விசாரித்து வரலாம்.